மார்த்தா வருவதற்கு முன்பே உமியோ

ஸ்வீடனின் பெண்கள் கால்பந்து கிளப்பான உமியோவை பிரேசில் வீராங்கனை மார்த்தாதான் உலகுக்குக் காட்டினார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 1985-இல் தொடங்கிய கிளப் இது. ஊர் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்தில் மைதானம் பனியில் மூடிக் கிடக்கும். அங்கிருந்துகொண்டே 2000, 2001, 2002 என மூன்று வருடம் வரிசையாக ஸ்வீடன் லீக்கை வென்றார்கள். 2002-இல் ஐரோப்பிய மகளிர் கோப்பை இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் கிளப்பிடம் தோற்று, அடுத்த வருடமே டென்மார்க்கின் ஃபார்ச்சூனா யோரிங்கை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். அப்போது மார்த்தா அணியிலேயே இல்லை! கோல் அடித்துக் குவித்தவர் உள்ளூர்ப் பகுதியிலிருந்து வந்த ஹன்னா யுங்பெரி. கட்டுரையில் அவர் பெயரே காணோம், இது அநியாயம்.

2004-இல் பதினெட்டு வயது மார்த்தா பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்தார். அந்த வருட ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியின் இரண்டு ஆட்டங்களிலும் அதே பிராங்க்ஃபர்ட்டை 3-0, 5-0 என்று நொறுக்கினார்கள். அப்புறம் 2005 முதல் 2008 வரை நான்கு லீக் பட்டங்கள். ஆனால் ஐரோப்பியக் கோப்பையில் 2007 இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஆர்சனலிடமும், 2008-இல் மறுபடி பிராங்க்ஃபர்ட்டிடமும் தோல்விதான்.

2009-இல் மார்த்தா அமெரிக்கா போனார். பெரிய நகரக் கிளப்புகள் பெண்கள் கால்பந்தில் பணத்தைக் கொட்டத் தொடங்கிய காலம் அது. உமியோவால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2016-இல் முதல் பிரிவிலிருந்தே இறங்கியது. இந்தச் சரிவைப் பற்றியும் கட்டுரையாளர் நாலு வரி எழுதியிருக்கலாம்.