நிற்கும் வண்டியின் ஏசியில் 95 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டினால் கேஸ் ஃபுல்லா?

"ஏசி ஓடாதபோதே கேஜ் 95 பிஎஸ்ஐ காட்டுகிறது, அதனால் கேஸ் ஃபுல்" என்று சிலர் சொல்வது தவறு. வண்டி ஏசியில் போடும் கேஸான ஆர்134ஏ உள்ளே கொஞ்சம் திரவமாக மிச்சமிருந்தாலே போதும், 30 டிகிரியில் அழுத்தம் கிட்டத்தட்ட அங்கேதான் போய் நிற்கும், 200 கிராம் இருந்தாலும் சரி 500 கிராம் இருந்தாலும் சரி, பாதி தீர்ந்த சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி. அதே வண்டியை 0 டிகிரி குளிரில் நிறுத்தினால் வெறும் 28 பிஎஸ்ஐதான் வரும், அதற்காக லீக் என்பீர்களா? திரவம் மொத்தமும் ஆவியான பிறகுதான் அழுத்தம் அந்தந்த வெப்பநிலைக்கு அட்டவணையில் உள்ள அளவுக்குக் கீழே இறங்கும், அதற்குள் கேஸில் பெரும்பகுதி போயிருக்கும். அப்புறம், உள்ளே காற்று கலந்திருந்தால் கூடுதலாகவே காட்டும். சரியான அளவு வேண்டுமா, இருப்பதை முழுக்க வெளியே எடுத்து, வாக்கம் போட்டு (பம்ப்பால் உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடை பார்த்து ஏற்றுங்கள்.