சேவைவழிக் கற்றலை என்.எஸ்.எஸ். முகாமோடு குழப்ப வேண்டாம்

படிக்கும் பாடத்தையே ஊருக்குப் பயன்படும் வேலையில் இறக்கிக் கற்பதுதான் சேவைவழிக் கற்றல். அந்தப் பேச்சை எடுத்தால் நம் கொங்குப் பகுதிக் கல்லூரிகளில் பலர், "அதுதான் என்.எஸ்.எஸ். இருக்கிறதே" என்று முடித்துவிடுகிறார்கள். இருக்கிறதுதான். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நல்ல திட்டம்தான் இந்த நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த முகாமில் ஊர்ப் பெரியவர்களோடு பேசிப் பேசியே கூச்சம் தெளிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் வேதியியல் மாணவியும் வணிகவியல் மாணவனும் அங்கே ஒரே சீமைக்கருவேலத்தைத்தான் வெட்டுகிறார்கள். இருவரும் படித்த படிப்புக்கு அங்கே வேலை இல்லை.

சேவைவழிக் கற்றலில் அந்தப் படிப்புதான் வேலைக்குப் போகிறது. நான் வேதியியல் நடத்துகிறவன். என் பாடத்திலிருந்தே சொல்கிறேன். கால்சியம், மக்னீசிய உப்புகளால் நீருக்கு வரும் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலால் கண்டறியும் சோதனை எங்கள் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டால் ஒயின் சிவப்பு, முடிவில் நீலம். கரைசலை ஆய்வக உதவியாளர் காலையிலேயே கலக்கி வைத்திருப்பார். விடை சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். நிறம் மாறுவதற்கு முன்பே விடை எழுதிவிடும் கெட்டிக்காரர்களும் உண்டு.

அதே சோதனையை ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்து ஊர்க் கிணற்றில் செய்யச் சொல்லுங்கள். பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் முடித்த அணை அது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, பாசனத்துக்கே ஆகாமல் போனது. சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிணற்றுக்கு சீனியர் நோட்டில் விடை கிடையாது. கடினத்தன்மையோடு, கரைந்த உப்புகளின் மொத்த அளவையும் மாணவன் அளந்து பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. "உங்கள் கிணறு அதையும் தாண்டிவிட்டதுங்க" என்று சொல்லப் போனால் தோட்டத்துக்காரர் என்ன கேட்பார்? "குடிக்க யாருங்க தம்பி கேட்டது? தென்னைக்கு விடலாமா, மஞ்சளுக்கு விடலாமா, அதைச் சொல்லுங்க."

அவன் கையிலுள்ள அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை. பாசனத்துக்குக் கணக்கே வேறு. மொத்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் பார்க்க வேண்டும். கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிடும்போது சோடியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சோடியம் மிகுந்தால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. தென்னை தாங்குகிற உப்பை மஞ்சள் தாங்காது. இவ்வளவையும் தெரிந்துகொள்ள அவன் நூலகத்துக்குப் போவான், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் யாரையாவது தேடிப் பிடிப்பான். மூன்று ஆண்டு வகுப்பில் எங்களால் அவனை அங்கே அனுப்ப முடிவதில்லை. இத்தனைக்கும் வேளாண் மாணவர்களுக்கு ஊரகப் பணி அனுபவம் பட்டப்படிப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதை யாரும் சேவை என்று மெச்சுவதில்லை, படிப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

வணிகவியலுக்கு பவானியில் ஜமக்காள நெசவாளர் வீடுகள் இருக்கின்றன. நூல் விலையும் கூலியும் போக ஒரு ஜமக்காளத்தில் என்ன மிஞ்சுகிறது என்று அடக்கவிலை போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

"இதனால் பிளேஸ்மெண்ட் கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டுகிறவர்கள். நேரடியாகக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செலியோ, டர்லாக், டிம்னிக்கி ஆகியோர் 62 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய மாணவர்கள் சமூக ஈடுபாட்டிலும் பழகும் திறனிலும் மட்டுமல்ல, பாட மதிப்பெண்ணிலும் முன்னேறியதைக் காட்டுகிறது. பாடத்தோடு பிணைத்து, மாணவர் கருத்துக்கும் ஊராருக்கும் இடம் கொடுத்து, செய்ததைத் திரும்பிப் பார்க்கவும் வைத்த இடங்களில் பலன் கூடுதல்.

பாடத்தோடு பிணைக்கும் அந்த வேலையைத்தான் நாம் செய்வதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கு இரண்டு கிரெடிட் பாடம் வகுத்து, பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரே தாளாக அதை வைத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க முடியாதா? பேனரோடு ஒரு போட்டோ, இணையத்தில் எடுத்து ஒட்டிய இருபது பக்கம், உள்மதிப்பீட்டில் எல்லோருக்கும் 23. அதைவிட அந்தந்தத் துறையின் முதன்மைப் பாடத்துக்குள் இந்த நேரத்தைக் கொண்டுவருவதே சரி. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் பாடத்திட்டக் குழுவிலேயே முடிவெடுக்கலாம்.

ஊரார் பக்கத்து நியாயமும் இருக்கிறது. படிவத்தோடு வந்து ரேஷன் கார்டு விவரம் வரை எழுதிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவதே இல்லை என்று அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அதனால், முடிவைத் தமிழில் ஒரே தாளில் எழுதித் தோட்டத்துக்காரர் கையில் கொடுத்த பிறகே மதிப்பெண் போட வேண்டும். ஊரையும் ஆண்டுக்கு ஒன்றாக மாற்றக் கூடாது. ஐப்பசி மழைக்குப் பின் கிணற்றில் இருக்கும் உப்பு வேறு, சித்திரையில் இருக்கும் உப்பு வேறு. ஒற்றைப்படை செமஸ்டரில் ஒரு வகுப்பு அளந்த கிணறுகளையே இரட்டைப்படை செமஸ்டரில் அடுத்த வகுப்பு அளக்கட்டும்.