ஆக்சிடோசினும் பிறனன்பும்

மூக்கில் ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனைத் தெளித்தால் போதும், பிறனிடத்தில் அன்புகூரச் சொன்ன கிறிஸ்துவின் கட்டளை தானே நிறைவேறிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. 2005-இல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது, பணம் வைத்து ஆடும் விளையாட்டொன்றில் முன்பின் அறியாதவர்மீது வைக்கும் நம்பிக்கை கூடியதை மட்டுமே. அதுவும் பின்னர் திரும்பச் செய்த சோதனைகளில் உறுதிப்படவில்லை. 2011-இல் உளவியலாளர் கார்ஸ்டன் டி ட்ரூ குழுவினர் நெதர்லாந்தில் நடத்திய சோதனைகளிலோ, அதே தெளிப்பு தம்மினத்தார் மீதான சார்பையே வளர்த்தது. லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது: யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன், வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு பணமும் கொடுத்துவிட்டுப் போகிறான். மேலும், ஒழுக்க மேம்பாட்டுக்கு மருந்தை ஆதரிக்கும் தத்துவ அறிஞர்கள் பெர்சனும் சவுலெஸ்குவும்கூட (அவர்களைத்தான் பலரும் துணைக்கு அழைக்கிறார்கள்) அதை நற்கல்விக்குத் துணையாகவே முன்வைத்தார்கள், மாற்றாக அல்ல.