ரிஸ்பாளைத் தாண்டிக் குதிக்கும் பிரசங்கங்கள்

பலிகடா என்ற சொல்லை நாம் தாராளமாகப் புழங்குகிறோம். ஆனால் வேதாகமத்தில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் ஜனங்களின் பாவத்தைச் சுமக்கிற ஆடு பலிபீடத்துக்கே போவதில்லை. இரண்டு கடாக்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலிக்கு. மற்றதன் தலையில் பிரதான ஆசாரியனான ஆரோன் கைகளை வைத்துப் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்குப் பெயர் போக்காடு. (பிற்காலத்தில் அதையும் மலையிலிருந்து தள்ளிவிட்டதாக யூதரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா சொல்கிறது.)

சரி, ஆட்டை விடுவோம். மனிதர்கள் தலையில் பாவத்தை ஏற்றிய கதை 2 சாமுவேல் 21இல் இருக்கிறது. தேவன் ஏழு உயிரைக் கேட்டார், தாவீது ராஜா கொடுத்தான், பஞ்சம் தீர்ந்தது என்றுதான் சிறுவயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். நிதானமாகப் படித்தால் அப்படி இல்லை.

மூன்று வருஷப் பஞ்சம். தாவீதுக்கு முந்தின ராஜாவான சவுல், கிபியோனியர் என்ற வேற்று ஜனத்தாரைக் கொன்றதே காரணம் என்கிறார் கர்த்தர். அதோடு சரி. என்ன செய்யவேண்டும் என்று தாவீது கேட்டது கிபியோனியரிடம், கர்த்தரிடம் அல்ல. ஏழு பேரைக் கேட்டது அவர்கள், கொடுத்தது ராஜா. செத்தது சவுலின் இரண்டு மகன்களும் ஐந்து பேரன்களும், அதாவது என்றைக்காவது சிங்காசனத்துக்கு உரிமை கோரக்கூடியவர்கள். சவுலின் இன்னொரு பேரன், யோனத்தானின் மகன் மேவிபோசேத் மட்டும் தப்பினான். அவன் இரண்டு கால்களும் முடமானவன். சவுல் செய்ததாகச் சொல்லும் அந்தக் கொலையோ வேதத்தில் வேறெங்கும் விவரிக்கப்படவில்லை. எனக்கு அரசியல் வாடைதான் அடிக்கிறது.

பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக்கூடாது என்கிறது மோசேயின் சட்டநூலான உபாகமம் 24:16. மரத்தில் தூக்கின பிணத்தை அன்றைக்கே அடக்கம்பண்ணு என்கிறது 21:23. இரண்டையும் மீறி, கர்த்தர் பேரைச் சொல்லி மலையில் தூக்கிப்போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதில் இரண்டு பேர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். துக்கத்துக்கு உடுத்தும் இரட்டுப்புடவையைப் பாறைமேல் விரித்துக்கொண்டு, வாற்கோதுமை அறுப்பு தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் ராத்திரியில் மிருகங்களையும் அண்டவிடாமல் காத்தாள். அந்த நாட்டின் வழக்கமான மழைக்காலம் வரும்வரை என்றால் ஐந்தாறு மாதம்! அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது சவுல், யோனத்தான் எலும்புகளை யாபேஸ் என்ற ஊரிலிருந்து எடுத்துவந்து அடக்கம்பண்ணுகிறான். தூக்கிப்போடப்பட்டவர்களின் எலும்புகளையும் அப்போதுதான் சேர்த்தெடுக்கிறார்கள்.

தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டது இதற்கெல்லாம் பின்பு, 14ஆம் வசனத்தில். ஏழு பேரும் செத்தது 9ஆம் வசனத்தில். பலி கொடுத்ததால் பஞ்சம் தீர்ந்தது என்று பிரசங்கிக்கிறவர்கள் நடுவிலுள்ள நான்கு வசனங்களைத் தாண்டிக் குதிக்கிறார்கள். அங்கேதான் ரிஸ்பாள் உட்கார்ந்திருக்கிறாள்.