நாற்றத்துக்கு நேரம் உண்டு

நாற்றம் தாங்கவில்லை, கோழிக்கழிவு ஆலையை இழுத்து மூட வேண்டும் என்று, கேரள எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மறுபடியும் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போடவில்லை. திட்ட நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக உயிர்க்கோழி கேரளத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. தோலுரித்து வெட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலை, குடல், இறகு என்று கழிந்துவிடும். ஆலை இல்லையென்றால் அது எங்கே போகும்? மூட்டை மூட்டையாக மூலத்தரைக் கால்வாயில் விழும். இல்லாவிட்டால் இரவோடு இரவாக எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஏதாவது தென்னந்தோப்பில் இறங்கும். பிறகு அங்கிருக்கும் சொந்தக்காரர்களே "உங்கள் கேரளாக் கழிவு" என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். கோழி அவர்கள் ஊர்க் கோழி என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ரெண்டரிங் ஆலை என்று சொல்லப்படும் இந்தக் கழிவு ஆலையில் நடப்பது ஒன்றும் மாயமில்லை. கழிவை மூடிய கொப்பரையில் நீராவியால் வேகவைத்து, ஈரத்தை வற்றவிட்டு, கொழுப்பைப் பிழிந்தெடுத்து, மிச்சத்தை மாவாக்குகிறார்கள். அது நாய்த் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது. கொப்பரை ஆவியைக் குளிரவைத்து, எஞ்சும் வாயுவை வடிகட்டி வெளியே விட்டால் நாற்றம் பெருமளவு அடங்கிவிடும். ஆனால், வந்து இறங்கும் சரக்கே அழுகியிருந்தால் எந்த வடிகட்டியும் திணறத்தான் செய்யும். காலையில் வெட்டிய குடல் பாலக்காட்டு மார்ச் வெயிலில், மூடிய நீல டிரம்முக்குள் மாலைவரை கிடந்தால் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பாமல் என்ன செய்யும்? வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்கதவு இடுக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகும். ஒழுகிய கோட்டின்மேல் ஈ மொய்க்கும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆலைக்காரனைச் சபிப்பார்கள். சரக்கு இன்னும் ஆலை வாசலைக்கூட மிதித்திருக்காது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. சென்னை மாகாணம் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது. (பாலக்காடு அன்று அந்த மாகாணத்தில் இருந்தது, கொழிஞ்சாம்பாறை அடங்கிய எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜாவிடம்.) கேரள ஊராட்சிகளின் தொழில் உரிம விதிகள் 1996-இல் வந்தன. 2023-இல் கேரளத்துக்கென்றே புதிய பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தது. ஆனால் நடைமுறையில் பார்ப்பதெல்லாம் வீட்டுக்கும் ஆலைக்கும் எத்தனை மீட்டர், எத்தனை எச்.பி. மோட்டார், கோப்பில் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்பதுதான். ஹெல்த் இன்ஸ்பெக்டர் பகல் பதினொரு மணிக்கு வருகிறார். அவருக்கு முன்பே தகவல் வந்துவிடுகிறது. தரையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, கல்யாண வீடு மாதிரி வைத்திருப்பார்கள். கொப்பரையில் தீ மூட்டுவது ஊர் உறங்கிய பிறகு.

நான் கேட்பது இவ்வளவுதான். ஃப்ரீசர் இல்லாத கோழிக்கடைக்கு உரிமம் தராதீர்கள். குளிரூட்டாத வண்டியில் கழிவை ஏற்ற விடாதீர்கள். வெட்டிய நேரம் எழுதிய சீட்டு ஒவ்வொரு டிரம்மோடும் வரட்டும். அன்றைக்கு வேகவைக்க முடிந்ததற்கு மேல் ஒரு டிரம்கூட ஆலை வாங்கக் கூடாது. செலவாகும்தான். கறி விலையில் ஏற்றட்டும், தின்கிற நாம்தானே கொடுக்க வேண்டும்?

ஆய்வு மட்டும் இரவில் நடக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல். அடுத்த கிராம சபையில் இதை மனுவாகவே கொடுக்கிறேன், தமிழில்தான். இரவில் வர முடியாது என்றால், அந்தப் பதிலை எழுத்தில் தரட்டும்.