ஒன்பது மாதம் நான் ஊர் சுற்றவில்லை

நேற்று கோலாலம்பூர் பங்சாரில் ஒரு நேர்முகத் தேர்வு. எதிரே இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் பேனாவை ஊன்றி, "இந்த ஒன்பது மாசம் வேலை எதுவும் இல்லையாம்மா?" என்றார். பிரஸ்ஸல்ஸில் ஒரு சர்வதேச ஒர்க் கேம்ப் அமைப்பின் (பல நாட்டுத் தொண்டர்கள் ஒன்றாகத் தங்கிப் பொதுவேலை செய்யும் முகாம்கள்) அலுவலகத்தில் தொண்டூழியம் செய்தேன் என்றேன். "ஓ, ஹாலிடே மாதிரி" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

வயிறு எரிகிறது. இதே பேச்சைக் கேட்பது இது மூன்றாவது இடம்.

ஹாலிடேயா? மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா இல்லாமல் 90 நாள்தான். அதற்கு மேல் தங்க நீண்டகால விசா வேண்டும். அதற்காக வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, முத்திரை என்று எவ்வளவு அலைந்தேன்! ஊர் சுற்றப் போகிறவள் எதற்கு இந்தப் பாடு படவேண்டும்?

அங்கே என் வேலை, மற்ற நாட்டு அமைப்புகள் அனுப்பும் விண்ணப்பங்களைப் பார்த்து, ஆள்களை முகாம்களில் சேர்ப்பது. ஒரு முகாமுக்குப் பத்துப் பதினைந்து பேர், இரண்டு மூன்று வாரம். ஜூலை வந்தால் தலை நிமிர நேரமிருக்காது. கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லை என்பார்கள். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, தூங்குபை வேண்டுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும்.

ஒன்றைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஒரு பையன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மில் பலருக்கு அப்படித்தானே. எங்கள் விண்ணப்பப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. அவன் அப்பா பெயரை எழுதிவிட்டான். விசாவுக்கான அழைப்புக் கடிதமும் அதே பெயரில் தயாராகி, கையெழுத்துக்காக மேசையில் இருந்தது. அது போயிருந்தால், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கடிதத்தில் ஒரு பெயர். யார் விசா கொடுப்பார்கள்? அலுவலகத்தில் யார் கண்ணிலும் அது படவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே "அப்பா பெயர் என் குடும்பப் பெயர் இல்லை" என்று சொல்லிச் சொல்லி அலுத்த என் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, கடிதத்தை மாற்றி அடித்தேன். அவன் வந்து சேர்ந்தான். இதற்குப் பெயர் ஹாலிடேயா?

சம்பளம் இல்லை, உண்மைதான். தங்க இடமும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் தந்தார்கள். சம்பளச் சீட்டு இல்லை என்பதால் செய்தது வேலை இல்லை என்று ஆகிவிடுமா? தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எங்கள் மாமா தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நிற்கிறார். அவரிடம் போய் ஹாலிடேயா என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்! ஆனால் பெரியம்மாவே என்னிடம், "காசு வாங்காம அங்க என்னடி செஞ்ச?" என்கிறார்.

இந்த முகாம்கள் எப்படி ஆரம்பித்தன என்று அந்த அதிகாரிக்குத் தெரியுமா? முதல் உலகப் போர் முடிந்து 1920இல், வெர்டன் பக்கத்தில் தரைமட்டமான ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைக் கட்டியெழுப்ப, பியர் செரசோல் என்ற சுவிஸ்காரர் சிலரைச் சேர்த்துக்கொண்டு போனார். அந்தக் குழுவில் ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரி நாடு! அந்த வழியில் வந்த வேலையைத்தான் பேனா முனையால் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

அந்த ஒன்பது மாதத்தை எடுத்துவிட்டு, மேல்படிப்பு என்று போடச் சொல்கிறாள் தோழி. மாட்டேன். வியாழக்கிழமை செந்தூலில் இன்னொரு நேர்முகத் தேர்வு. அதே விண்ணப்பத்தைத்தான் கொண்டுபோகிறேன். இந்தத் தடவை அந்த இடத்தில் பேனாவை வைத்தால், மதுரைப் பையனின் கடிதத்திலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.