வகுக்கத் தெரிந்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், மேடையில் பேசியவர் புதுச்சேரியின் பெட்ரோல், மது விற்பனையை மக்கள்தொகையால் வகுத்து ஊதாரி ஊர் என்றார்; பொருளாதாரக்காரனான நான் மறுத்தேன். நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "சாருக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று என்னை அடித்த நக்கலையும், அப்புறம் வந்த சிரிப்பையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. புதுச்சேரியில் விற்ற பெட்ரோலையும் மதுவையும் புதுச்சேரி மக்கள்தொகையால் வகுத்து, 'தலைக்கு இவ்வளவு, ஊதாரி ஊர்' என்று பேசக்கூடாது. வாங்குகிறவன் எல்லாம் புதுச்சேரிக்காரன் இல்லை.

நானே கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன், தமிழ்நாடு. வேலை புதுச்சேரியில். பத்து வருஷமாக என் பைக்குக்குப் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை பங்க்கில்தான் பெட்ரோல். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். நேற்று வரிசையில் எனக்கு முன்னால் ஏழு வண்டி. ஐந்து டிஎன் 31, அதாவது கடலூர் வண்டி. ஒருவர் வண்டியை லேசாக ஆட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் பிடிக்கும், விடுங்க" என்றார். அந்தக் கொஞ்சமும் புதுச்சேரிக்காரன் தலையில்தான். வரி குறைவென்று பிஒய் (புதுச்சேரி) நம்பர் வாங்கி வெளியூரில் ஓடுகிற கார்களும் அப்படித்தான். என் சித்தப்பாவிடமே ஒன்று இருந்தது. (மன்னிச்சிடுங்க சித்தப்பா.) கேரளத்துக்கு நடுவில் இருக்கும் புதுச்சேரிப் பகுதியான மாஹேக்குக் கேரளக்காரர்கள் வாங்க வருவதும் இதே கதை.

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, இதுக்கு ஒரு பொருளாதாரக்காரர் வேணுமா?" என்பீர்கள். தெரிந்ததென்றால் மேடையில் ஏன் சார் வகுத்தீர்கள்? "அப்போ புதுச்சேரிக்காரன் குடிக்கவே மாட்டானா?" குடிப்பான். எவ்வளவு என்பது அந்த வகுத்தலில் தெரியாது. விற்பனை வேறு, நுகர்வு வேறு. வீடு வீடாகப் போய்க் கேட்கிற நுகர்வுச் செலவு கணக்கெடுப்பு 2022-23லும் 2023-24லும் நடந்தது, அதைப் பாருங்கள். அதிலும் குடிப்பதைக் குறைத்துத்தான் சொல்வார்கள். சரி, அது வேறு சண்டை.

வகுத்த மக்கள்தொகை எண்ணாவது புதுசா? 12,47,953. 2011 கணக்கெடுப்பு! மேலே போன வருஷத்து விற்பனை, கீழே 2011 தலைகள். 2021இல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. நடுவில் பிறந்த பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள், கணக்கில் மட்டும் இல்லை.

"இந்த ரிசல்ட் சரியில்லை, திரும்ப டெஸ்ட் எடுங்க" என்று டாக்டர் சொன்னால் பயந்துபோய் எடுக்கிறோம். நான் சொன்னால் சிரிப்பு. அம்மா இன்னமும் சொந்தக்காரர்களிடம் என் வேலையை "பேங்க்ல ஏதோ" என்றுதான் சொல்கிறாள். அது வலிக்கவில்லை. கூப்பிட்டு, சால்வை போட்டு, "டேட்டா பார்க்கிறவர்" என்று அறிமுகம் செய்துவிட்டு, டேட்டாவைப் பற்றி வாயைத் திறந்ததும் மைக்கைப் பிடுங்கினீர்களே, அதுதான்.

சால்வை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.